டாங்கி எப்படி சார் மலை ஏறிச்சு?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் எங்கள் ஊர் ஆற்றுப்பாலத்தில் ஒரு பெரிய டிரெய்லர் நின்றது. மேலே வீடு மாதிரி ஒரு டிரான்ஸ்ஃபார்மர். பாலத்தில் மற்ற வண்டிகளை நிறுத்திவிட்டு, பக்கத்தில் நாலு பேர் நடந்தபடி ஆமை வேகத்தில் நகர்த்தினார்கள். எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். எனக்கோ 1999-ல் ஒரு பையன் கேட்ட கேள்வி ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது கார்கில் போர் நடந்துகொண்டிருந்தது. எட்டாம் வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு, இதே கார்கிலை 1948-லும் நம் ராணுவம் மீட்டது, சோஜிலா கணவாயில் டாங்கியை ஏற்றி ஜெயித்தார்கள் என்று கையை ஆட்டிக் கதை சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "சார், அவ்ளோ உயரத்துக்கு டாங்கி எப்படி சார் போச்சு? ரோடு இருந்துச்சா?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. "அதெல்லாம் ராணுவம் பார்த்துக்கும், உட்காருடா" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் அதற்குப் பிறகு அந்த வருடம் கேள்வியே கேட்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு தேடித் தேடிப் படித்ததில் தெரிந்தது, அவன் கேட்டதுதான் அந்தப் போரின் முக்கியமான கேள்வி என்று.

விஷயத்துக்கு வருகிறேன். 1948 கோடையில் திராஸும் கார்கிலும் எதிரி கைக்குப் போய்விட்டன. ஸ்ரீநகரிலிருந்து லடாக்கின் லே நகருக்குப் போகும் வழி அடைபட்டது. அந்த வழியின் வாசல்தான் சோஜிலா, சுமார் 11,500 அடி உயரம். இரண்டு பக்கமும் மலை முகட்டில் எதிரியின் இயந்திரத் துப்பாக்கிகள். செப்டம்பரில் நம் காலாட்படை மோதிப் பார்த்தது, முடியவில்லை. குளிர்காலம் வந்தால் கணவாய் பனியில் மூடிவிடும், லேயில் இருப்பவர்கள் தனித்துவிடுவார்கள். அப்போது படைப்பிரிவுக்குத் தலைமை வகித்தவர் குடகுக்காரரான மேஜர் ஜெனரல் திம்மையா, பின்னாளில் ராணுவத் தலைமைத் தளபதி ஆனவர். டாங்கியைக் கொண்டுவாருங்கள் என்றார் அவர். அவ்வளவு உயரத்தில் அதுவரை யாரும் டாங்கியை வைத்துச் சண்டை போட்டதில்லை.

7-வது லைட் கேவல்ரி படையிடம் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்க டாங்கிகள் இருந்தன. இலகு ரக டாங்கி என்று பெயர்தான். ஒவ்வொன்றும் சுமார் 15 டன், மூன்று பெரிய கொம்பன் யானைகளின் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். இப்போதுள்ள ஜவஹர் சுரங்கம் 1956-ல்தான் வந்தது. அப்போது பனிஹாலில் 9,000 அடிக்கு மேல் ஏறித்தான் இறங்க வேண்டும். நடுவில் இருந்த பாலங்களோ பஸ்ஸும் லாரியும் போவதற்குக் கட்டியவை.

அதனால் டாங்கியின் தலையைக் கழற்றிவிட்டார்கள்! மேலே பீரங்கியோடு சுழலும் அந்தக் கூண்டை 'டரட்' என்பார்கள். அதைத் தனியாக இறக்கிவிட்டால் உடம்பின் எடை குறையும். பீரங்கி இல்லாத மொட்டை வண்டியைத் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குச் சட்டென்று டாங்கி என்று தெரியாது. ஒரே வேலையில் இரண்டு லாபம். பாலம் வந்தால் வின்ச் வைத்து வடம் கட்டி மெதுவாக அக்கரைக்கு இழுத்தார்கள். நம் ஊரில் தேர் இழுக்கும்போது முட்டுக்கட்டை போடுபவரின் கண் எங்கே இருக்கும் என்று பார்த்திருப்பீர்களே, அந்தக் கவனம் ஒவ்வொரு பாலத்திலும் வேண்டும். ஸ்ரீநகரில் ஊரடங்கு போட்டு, இரவோடு இரவாக நகரைக் கடத்தினார்கள். விஷயம் வெளியே தெரிந்தால், டாங்கியை உடைக்கும் துப்பாக்கிகளை எதிரி மலைக்குக் கொண்டுவந்துவிடுவான் இல்லையா?

கணவாயின் அடிவாரம் பால்தால். அங்கிருந்து மேலே இருந்தது கோவேறு கழுதை போகும் பாதை மட்டும். ஸ்டூவர்ட் டாங்கியின் அகலம் ஏழரை அடி. அந்தப் பாதையை வண்டி ஏறும் வழியாக மாற்றியது யார் தெரியுமா? மெட்ராஸ் சாப்பர்ஸ். 1780-ல் தொடங்கிய நம் தென்னாட்டுப் பொறியாளர் படை, பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம் தலைமையகம். ராணுவத்தில் இவர்களுக்குச் செல்லப்பெயரே 'தம்பி'தான். வெயிலில் வளர்ந்த தமிழ், தெலுங்கு, மலையாள, கன்னடப் பிள்ளைகள், அந்தக் குளிரில் மலையை ஒட்டிப் பாதையை அகலப்படுத்தினார்கள். இரண்டு கம்பெனி ஆட்கள்தான். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கையை ஆட்டி ஆட்டிச் சொன்ன என் கதையில் இவர்கள் ஒரு வரி கூட இல்லையே!

பனி பொழிந்து தாக்குதல் தள்ளிப்போனது. கடைசியில் நவம்பர் 1-ஆம் தேதி, தலை பொருத்திய டாங்கிகள் லெப்டினன்ட் கர்னல் ராஜிந்தர் சிங் தலைமையில் கணவாயில் ஏறின. சிட்டுக்குருவி என்று பொருள்படும் 'ஸ்பாரோ' என்பது அவருடைய பட்டப்பெயர். 15 டன் வண்டிக்குக் குருவி தலைவர்! எதிரி டாங்கியை எதிர்பார்க்கவே இல்லை. அன்றே கணவாய் நம் கைக்கு வந்தது. பிறகு மட்டயன், திராஸ். நவம்பர் 24-ல் கார்கிலில், லேயிலிருந்து வந்த நம் படையும் இவர்களும் சந்தித்தார்கள்.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயது இருக்கும். தம்பி, இதைப் படித்தால் உனக்கு விடை சொல்லிவிட்டேன் என்று வைத்துக்கொள். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் தாமதம், மன்னித்துவிடு. அன்று ரோடு இல்லை, அவர்கள்தான் போட்டார்கள்.

உங்கள் யார் வீட்டிலாவது தாத்தா, பெரியப்பா சாப்பர்ஸில் இருந்திருந்தால் கீழே எழுதுங்கள். பழைய போட்டோ இருந்தால் கட்டாயம் போடுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் படிப்பேன்.