கையடக்கக் கருவிகளில் சாய்வுணர்தல்

கைப்பேசி, கையடக்க விளையாட்டுக் கருவி போன்றவற்றைச் சாய்ப்பது, குலுக்குவது, சுழற்றுவது ஆகிய அசைவுகளையே கட்டளையாகக் கொள்ளும் முறை. விளையாட்டு, இசை, நடனம் எனப் பல துறைகளில் இது கையாளப்பட்டுள்ளது.

இதன் அடிப்படை முடுக்கமானி என்னும் சில்லு. சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய எடை ஒன்று மெல்லிய சிலிக்கான் விற்களில் தொங்கும். எடை இம்மியளவு நகர்ந்தாலும் மின்தேக்குதிறன் மாறும். சில்லு அதை அளந்து சொல்லும். கருவி அசையாதபோதும் புவியீர்ப்பு எடையை இழுப்பதால் கீழ்த்திசை எது என்பது தெரிந்துவிடும். ஆனால் சாய்வையும் உதறலையும் இச்சில்லால் தனியே பிரித்தறிய முடியாது. மேசைமேல் கிடக்கும் கைப்பேசியை அதே இடத்தில் வட்டமாகத் திருப்பினால் கீழ்த்திசை மாறாது. ஆகவே அந்தத் திருப்பமும் தெரியாது. சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப் இக்குறையைப் போக்குகிறது.

தொடக்கம்

இச்சில்லுகள் பெருமளவில் உற்பத்தியானது விளையாட்டுக்காக அன்று. 1990களின் தொடக்கத்தில் அனலாக் டிவைசஸ் நிறுவனம் செய்த ஏடிஎக்ஸ்எல்50, காரின் ஏர்பேக் விரிய வேண்டிய நொடியை உணர்த்துவதற்கானது. சாய்வையே கட்டளையாக்கும் ஆய்வுகளில் சோனி ஆய்வகத்தின் ஜுன் ரெக்கிமோட்டோ 1996இல் வெளியிட்டது முன்னோடியாகக் குறிப்பிடப்படுகிறது. பொத்தானை அழுத்தியபடி கருவியைச் சாய்த்தால் பட்டியல் நகரும் என்பது அதன் சாரம். 2000இல் மைக்ரோசாஃப்டின் கென் ஹிங்க்லி குழு, பிடிக்கும் வாக்குக்கேற்பத் திரை தானே திரும்பும் கருவியைச் செய்துகாட்டியது. காம்பேக் ஆய்வகத்தில் ஜோயல் பார்ட்லெட் ‘இட்சி’ என்ற சட்டைப்பைக் கணினியைச் சாய்த்தும் அசைத்தும் இயக்கியதும் அக்காலத்ததே.

கேட்ரிட்ஜுக்குள் உணரி

ஆகஸ்ட் 2000இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட கிர்பி விளையாட்டு (கேம் பாய் கலர், அமெரிக்காவில் 2001, ‘கிர்பி டில்ட் அன் டம்பிள்’) இவ்வரலாற்றில் தனி இடம் பெறுவது. கருவியில் உணரி இல்லாததால் அது, விளையாட்டைத் தாங்கிச் செருகப்படும் கேட்ரிட்ஜுக்குள்ளேயே பொதிக்கப்பட்டது. திரையிலுள்ள உருண்டை கருவி சாயும் பக்கம் உருளும். கருவியை வெடுக்கென்று மேலே தூக்கினால் துள்ளும். பின்னொளி இல்லாத திரையாதலால், பள்ளத்தைத் தவிர்க்கச் சாய்க்கும்போது வெளிச்சம் விழும் கோணமும் மாறிவிடும். விளையாடுபவர் உருண்டையோடு விளக்கையும் கவனிக்க வேண்டியிருந்தது. பின்னர் வந்த கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பியில் கேட்ரிட்ஜ் கீழ்ப்பக்கமாகச் செருகப்பட்டதால், உணரி தலைகீழாகி உருண்டை எதிர்த்திசையில் ஓடியது. 2004இல் வந்த ‘வாரியோவேர்: ட்விஸ்டட்’ கேட்ரிட்ஜில் கைரோஸ்கோப் இருந்தது.

முடுக்கமானி கொண்ட முதல் கைப்பேசி எது என்பதில் ஒருமித்த கருத்தில்லை. 2005ஆம் ஆண்டின் சாம்சங் எஸ்சிஎச்-எஸ்310, அதே ஆண்டில் ஜப்பானில் வந்த ஷார்ப் வி603எஸ்எச் ஆகியவை பெரும்பாலும் சுட்டப்படுகின்றன. முன்னதில் காற்றில் எண்ணை எழுதினாலே அழைப்புப் போகும். 2004இன் நோக்கியா 3220க்கான, அசைவை உணரும் ஓர் உறை இவற்றுக்கும் முந்தியது. கைப்பேசியை இருட்டில் விசிறினால் உறையின் விளக்குகள் அந்தரத்தில் எழுத்துகளாகத் தெரியும். அதைக் கணக்கில் சேர்க்கலாமா என்பது, உறையைக் கைப்பேசியின் பகுதியாகக் கொள்வதைப் பொறுத்தது.

மடிக்கணினிகளில் வன்தட்டைக் காக்க வைத்த உணரிகளும் ஏர்பேக் சில்லுகளைப் போலவே வேறு வேலைக்குத் திரும்பின. ஆப்பிள் கணினிகளின் உணரியைப் படிக்கும் வழியை அமித் சிங் 2005இல் வெளியிட, அடுத்த ஆண்டே கணினியின் பக்கவாட்டில் ஓர் அறை விட்டால் திரை மாறும் நிரல் வந்துவிட்டது.

2007 முதல் 2010 வரை

ஜூன் 2007இல் வந்த ஐபோனில் முடுக்கமானி இருந்தது முதன்மையாகத் திரையைத் திருப்புவதற்கே. ஜூலை 2008இல் ஆப் ஸ்டோர் திறந்ததும் நிலைமை மாறியது. முதல் நாளிலேயே ‘சூப்பர் மங்கி பால்’ கிடைத்தது. சுவீடனின் இல்யூஷன் லேப்ஸ் வெளியிட்ட ‘லேபிரிந்த்’, மரப்பெட்டியைச் சாய்த்து எஃகு உருண்டையைக் குழிகளில் விழாமல் நடத்தும் பழைய விளையாட்டின் மறுவடிவம். அதன் மூலமான மரப்பெட்டியை 1946இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரியோ நிறுவனமும் சுவீடனுடையதே. கைப்பேசியைக் கவிழ்த்தால் பீர் காலியாவதுபோல் காட்டும் ‘ஐபீர்’ பெரும் புகழ் பெற்றது. கருத்து யாருடையது என்பதில் அதன் உரிமையாளரான ஹாட்ரிக்ஸுக்கும் ‘ஐபைன்ட்’ செயலியின் பின்னிருந்த கூர்ஸ் நிறுவனத்துக்கும் வழக்கு எழுந்தது. 2009இன் ‘டூடுல் ஜம்ப்’, முந்தைய ஆண்டின் ஜப்பானிய ‘பாப்பிஜம்ப்’ விளையாட்டை ஒத்திருப்பது கவனிக்கப்பட்டுள்ளது. அது எவ்வளவு தூரம் தாக்கம் என்பது தீர்ந்த விஷயமன்று.

நவம்பர் 2008இல் ஸ்மூல் நிறுவனம் வெளியிட்ட ‘ஒகாரினா’, சாய்வைப் பொத்தானுக்கு மாற்றாக அன்றி இசையின் நுணுக்கத்துக்காகப் பயன்படுத்திய செயலி. இதை வடிவமைத்த கெ வாங், ஸ்டான்ஃபோர்டில் கைப்பேசி இசைக்குழு ஒன்றைத் தொடங்கியவர்களுள் ஒருவர். வாசிப்பவர் ஒலிவாங்கியில் ஊதுகிறார்; திரையில் நான்கு துளைகளை விரல்களால் மூடித் திறக்கிறார். துளைகள் நான்கே ஆனாலும், எவை மூடியுள்ளன என்பதன் பதினாறு சேர்க்கைகளால் சுரங்கள் கிடைக்கின்றன. கைப்பேசியை ஓர் அச்சில் சாய்த்தால் சுரத்தின் அதிர்வு ஆழமாகும். மற்றோர் அச்சில் சாய்த்தால் அதிர்வின் வேகம் மாறும். மூச்சு, விரல், மணிக்கட்டு மூன்றும் ஒரே சுரத்தில் கூடுவதால் ஒருவர் வாசித்தது போல் மற்றொருவர் வாசிப்பதில்லை. திரை திருப்பும் சில்லைக் கொண்டே இது இயன்றது என்பது பதிவு செய்யத் தக்கது.

2010இன் ஐபோன் 4இல் கைரோஸ்கோப் சேர்ந்தது.

பிற்காலம்

2014இல் நெதர்லாந்தின் கேம் ஓவன், டச்சு தேசிய பாலே குழுவுடன் சேர்ந்து ‘பவுண்டன்’ என்ற நடன விளையாட்டை உருவாக்கியது. இருவர் ஒரே கைப்பேசியின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு, திரையில் வரும் வளையங்களைத் தொடர்ந்து சுழல வேண்டும். கைகள் பின்னி, ஒருவர் மற்றவரின் கைக்கு அடியில் புகுந்து திரும்பும்போதுதான் தாங்கள் ஆடுவது தெரியவரும். கைப்பேசிக்குக் கைப்பேசி கைரோஸ்கோப்பின் கணக்கு வேறுபட்டதால் ஆண்ட்ராய்டு பதிப்பு தாமதமானது. அதே ஆண்டு, கைப்பேசியைச் செருகித் தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும் கூகுளின் அட்டைக் கண்ணாடி வந்தது. நிலநடுக்கத்தைக் கைப்பேசிகளால் அறியும் ‘மைஷேக்’ செயலியைக் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்டது.

கைரோஸ்கோப்பைக் கொண்டு அருகில் பேசுவதைக்கூட ஓரளவு கண்டறியலாம் என ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2014இல் காட்டினர். 2019இல் வந்த ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 13 முதல், இணையப் பக்கங்கள் அசைவுத் தரவைப் பெறப் பயனரின் அனுமதியைக் கேட்டாக வேண்டும். சாய்த்தவுடன் இயங்கும்படி எழுதப்பட்ட பழைய இணையப் படைப்புகள் அனுமதிப் பொத்தான் சேர்க்கப்பட்டால்தான் ஐபோனில் அசையும்.