உயர்ஸ்தானிகர்: ஒரு பெயரின் பூர்வீகம்

ரொறன்ரோவில் வெளிவரும் தமிழ்ப் பத்திரிகைகளில் 'கனடாவுக்கான இலங்கை உயர்ஸ்தானிகர்' என்ற தொடர் அடிக்கடி கண்ணில் படும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவருக்கு அது கொஞ்சம் இடறும். அவர் பழகியது தூதர். மிஞ்சினால் உயர் ஆணையர். ஈழத்து வழக்கில் தூதுவர் வேறு, உயர்ஸ்தானிகர் வேறு. பொதுநலவாய நாடுகள் தமக்குள் அனுப்பிக்கொள்பவர் உயர்ஸ்தானிகர், மற்றவர் தூதுவர். தன் நாட்டின் சார்பில் பேசுவது, பேரம் நடத்துவது, அங்கே நடப்பதை ஊருக்கு எழுதுவது என்று வேலை என்னவோ இருவருக்கும் ஒன்றுதான்.

ஒரே வேலைக்கு இரண்டு பெயர் வந்ததற்குக் காரணமே கனடாதான். லண்டனில் தனக்கொரு பிரதிநிதி வேண்டும் என்று பிரதமர் ஜோன் மக்டொனால்ட் கேட்டார். 'ரெசிடென்ட் மினிஸ்டர்' என்று அழைக்க விரும்பினார். அந்நிய நாட்டிலிருந்து வருபவருக்குத்தானே அந்தப் பெயர், நீங்கள் எங்கள் பேரரசுக்குள்தானே இருக்கிறீர்கள் என்று லண்டன் மறுத்தது. இழுபறிக்குப் பிறகு 'ஹை கமிஷனர்' என்று முடிவாகி, 1880இல் அலெக்சாண்டர் கால்ட் முதல் ஆளாகப் போனார். பேரரசு போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

'கமிஷனர்' எப்படி 'ஸ்தானிகர்' ஆனார் என்பதுதான் சுவையான இடம். ஸ்தானம் என்றால் இடம். மதுரை மீனாட்சி கோயிலில் ஸ்தானீக பட்டர்கள் உண்டு. விஜயநகரத் தலைநகரில் நாயக்கர்களின் சார்பாக நிரந்தரமாகத் தங்கியிருந்த முகவருக்கு ஸ்தானாபதி என்று பெயர். சிங்களத்தில் இன்றும் தூதுவர் 'தானாபதி'தான். கட்டபொம்மனின் தானாபதிப் பிள்ளையையும் இந்த வரிசையில் வைக்கத் தோன்றுகிறது. கூடவே 'ஆலயம்' சேர்ந்து உயர்ஸ்தானிகராலயம் என்றானதும், விசாவுக்குப் போகிறோமா அர்ச்சனைக்குப் போகிறோமா என்று மயங்க வைக்கிறது.

வடமொழி வாடை அடிக்கிறதே என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று: தூதும் வடமொழி 'தூத'வின் உறவு என்பதே பெரும்பாலான ஆய்வாளர் கருத்து. பொருளைப் பார்த்தால் ஸ்தானிகருக்கே என் வாக்கு. தூது என்பது போய்ச் சொல்லித் திரும்புவது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் போன ஔவை அங்கேயே வீடெடுத்துத் தங்கவில்லை. வேற்று அரசில் குடியிருந்து பார்க்கும் உத்தியோகம் ஐரோப்பாவில் வேரூன்றியதே 15ஆம் நூற்றாண்டு இத்தாலிய நகரங்களில்தான். இருப்பவரைக் குறிக்க இருப்பைச் சொல்லும் சொல் பொருந்துகிறது.

ஆனால் ரொறன்ரோவில் உயர்ஸ்தானிகர் எவரும் இல்லை. அவர்கள் தலைநகர் ஒட்டாவாவில். இங்கே இருப்பவை துணைத்தூதரகங்கள். தலைமை வகிப்பவர் கொன்சல் ஜெனரல். பழைய ரோமில் கொன்சல் என்றால் ஆண்டுக்கு இருவர் வகித்த உச்சப் பதவி; இன்று அதே பெயரில் பாஸ்போர்ட்டும் பிறப்புப் பதிவும் நடக்கின்றன.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இந்த வேறுபாடெல்லாம் எடுபடாது. எல்லாமே 'எம்பசி'. "அண்ணை, காணி விக்க அற்றோர்னி எழுதோணும், எம்பசிக்குப் போட்டு வாறன்" என்பார்கள். போவது கொன்சல் அலுவலகத்துக்கு. அங்கே பாஸ்போர்ட்டைக் காட்டி, அதிகாரி பார்க்க அற்றோர்னிப் பத்திரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட வேண்டும். கொன்சல்கள் நொத்தாரிசு வேலையும் பார்க்கலாம் என்று 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையே சொல்கிறது. யாழ்ப்பாணத்தில் உறுதி எழுதுபவர் தேடுவதும் கொன்சலின் முத்திரையைத்தான். ஒட்டாவாவில் யார் உயர்ஸ்தானிகர் என்று அவர் கேட்பதில்லை.