மாந்தீவும் மனித நிர்ப்பீடனமும்: தொழுநோய் ஆராய்ச்சி வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

வந்தாறுமூலைக்குத் தெற்கே, மட்டக்களப்பு வாவியின் நடுவே உள்ள மாந்தீவில், பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் தொழுநோயாளர்க்கான மருத்துவமனை ஒன்று அமைக்கப்பட்டது. நோயுற்றோரைப் பிரித்துவைக்கும் அதிகாரத்தை 1901ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் அரசுக்கு அளித்திருந்தது. வாவி நீரையே வேலியாக்கிய இவ்வொதுக்கலுக்கு எத்தகைய அறிவியற் கருத்து அடிப்படையாயிற்று என்பது ஆராயத்தக்கது.

1847இல் நோர்வே மருத்துவரான டானியெல்சனும் பூக்கும் தொழுநோயைப் பரம்பரை நோயெனக் கருதினர். 1873இல் அந்நாட்டவரான ஹான்சன் அதற்குரிய பற்றீரியாவைக் கண்டறிந்தார். 1897இல் பேர்லினில் கூடிய மாநாடு நோயாளரைத் தனிமைப்படுத்துமாறு பரிந்துரைத்தது. விளக்கம் குருதியுறவிலிருந்து தொற்றுக்கு மாறியது, விலக்கல் மாறவில்லை.

ஆயினும், ஒரே வீட்டில் வாழ்வோருள் ஒருவர் நோயுற, ஏனையோர் நலமாயிருப்பதைக் கிருமி மட்டும் விளக்கவில்லை. 1966இல் ரிட்லியும் ஜொப்ளிங்கும் நோயின் வகைகளை உடலின் எதிர்ப்பாற்றலோடு தொடர்புபடுத்தினர். கலவழி நிர்ப்பீடனம் வலுவாயின் சில தேமல்களோடு நோய் அடங்கும். நலிந்ததாயின் கிருமி உடலெங்கும் பெருகும். இந்திய இரட்டையரை ஆராய்ந்த சக்கரவர்த்தியும் வோகலும் 1973இல் வெளியிட்ட முடிவுகளின்படி, இருவருமே நோயுற்றமை ஒருகரு இரட்டையரில் ஏறத்தாழ 60 சதவீதமாகவும், இருகரு இரட்டையரில் 20 சதவீதமாகவும் இருந்தது.

2009இல் சீன நோயாளரின் பரம்பரையலகுகளை ஆராய்ந்தோர், நோயோடு தொடர்புடைய பல வேறுபாடுகளைக் கண்டனர். அவற்றுள் ஒன்று நொட்-2 என்னும் பரம்பரையலகைச் சார்ந்தது. வெண்குழியங்கள் பற்றீரியாவின் சுவர்க்கூறுகளை இனங்காண அது உதவுகிறது. குடலழற்சியாகிய குரோன் நோயோடும் அதற்குத் தொடர்புண்டு என்பது 2001இலேயே அறியப்பட்டிருந்தது. இவ்வாறு, ஒரு தொற்றுநோயும் உடலின் தற்காப்பே பிறழ்வதால் எழும் நோயொன்றும் ஒரே பரம்பரையலகில் சந்தித்தன.

இங்கு நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். பரம்பரை என்ற சொல் மீண்டும் எழும்போது, மணப்பேச்சில் ஒரு குடும்பத்தையே ஒதுக்கும் பழைய வழக்கத்திற்கு அது துணைபோகலாகாது. மரபுவழி வருவது நோயன்று. கிருமியை எதிர்கொள்ளும் ஆற்றலின் வேறுபாடே. பெரும்பாலானோர் இயல்பாகவே இந்நோயை எதிர்க்க வல்லவர். உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த பல்மருந்துச் சிகிச்சை நோயைக் குணப்படுத்துகிறது. ஆதலின், மாந்தீவில் மனிதரைச் சூழ்ந்துநின்ற நீருக்கு இன்று அறிவியல் நியாயம் எதுவும் இல்லை. எஞ்சியிருப்பது சமூகத்தின் அச்சமே. அதைக் களைவதும் ஆய்வாளர் கடனாகும்.