எற்றுநூலும் வழிச்சட்டமும்

புத்தகத்திற்கு நூல் என்னும் பெயர் ஏன் வந்தது? நன்னூலின் பொதுப்பாயிரம் இதற்கு இரண்டு காரணங்கள் கூறுகின்றது. பஞ்சிலிருந்து இழை திரிப்பதுபோலப் புலவன் சொல்லிலிருந்து நூலைத் திரிக்கிறான் என்பது ஒன்று. தச்சன் கையிலுள்ள நூல் மரத்தின் வளைவைப் போக்குவதுபோலப் புலவன் செய்த நூல் மக்கள் மனத்தின் வளைவைப் போக்குகின்றது என்பது மற்றொன்று.

முதற் காரணத்தை வகுப்பில் விளக்குவது எளிது. பஞ்சும் நூலும் மாணவர் கண்டறிந்த பொருள்கள். இரண்டாவதற்கு வரும்பொழுது நம்மிற் பலர் விரைந்து கடந்து விடுகிறோம். ‘நூல் மரத்தை நேராக்கும்; அதுபோல’ என்று தொடங்கி, உள்ளத்தின் பெருமைக்குத் தாவி விடுகிறோம். அப்பொழுது கூரிய மாணவன் ஒருவன் எழுந்து, ‘நூல் எப்படி ஐயா மரத்தை நேராக்கும்?’ என்று கேட்டால் விடை சொல்லத் தடுமாறுகிறோம்.

அவன் கேட்பது முறையே. நூலுக்கு மரத்தை நிமிர்த்தும் ஆற்றல் கிடையாது. பாயிரம் குறிப்பது தையல் நூலையன்று, தச்சனுடைய எற்றுநூலை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் இடம்பெற்றுள்ள இச்சொல், இன்று பேச்சில் அருகிவிட்டது. எற்றுதல் என்றால் அடித்தல், தெறித்தல். கரித்தூளையோ காவியையோ நீரிற் குழைத்து, முறுக்கேறிய பருத்தி நூலை அதில் தோய்ப்பர். மரத்தின் ஒரு தலையில் ஆணியடித்து நூலின் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை மறுதலைவரை இழுத்து விறைப்பாகப் பிடிப்பர். நடுவே இரு விரலால் நூலைத் தூக்கிச் சட்டென விடுவர். நூல் மரத்தில் தெறித்து, நீண்ட கறுப்புக் கோடு ஒன்றைப் பதித்துவிடும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நூலை நேர் மேலே தூக்க வேண்டும். பக்கவாட்டிற் சாய்த்துத் தூக்கிவிட்டால், நூல் விறைப்பாக இருந்தும் கோடு வளைந்து விழும். கருவி நேராக இருந்தாலும் அதைக் கையாளுவோன் சாய்ந்தால் பயனில்லை என்பதைத் தச்சுப் பட்டறையின் சிறு பையனும் முதல் வாரத்திலேயே அடிபட்டுக் கற்றுக்கொள்வான்.

கோடு விழுந்தபின்னரே மரத்தின் வளைவு எங்கே, எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரிகின்றது. கோட்டுக்கு வெளியே நிற்பது கழிவு. உள்ளே நிற்பது பலகை. கழிவை நீக்குவது வாய்ச்சியும் ஈர்வாளும். நூல் எதையும் நீக்குவதில்லை. எது வேண்டும், எது வேண்டா என்று பிரித்துக் காட்டிவிட்டு அது விலகிக் கொள்கின்றது. பாயிரத்தின் உவமை இவ்விடத்தில்தான் உயிர் பெறுகின்றது என்பது என் கருத்து. புத்தகம் மனத்தைப் பிடித்து நிமிர்த்துவதில்லை. கோடு போட்டுக் காட்டுகின்றது. செதுக்கும் வேலை படித்தவனைச் சேர்ந்தது.

நூல் என்ற ஒரே சொல் இழைக்கும் ஏட்டுக்கும் பெயராக நிற்பது தமிழில் மட்டும் காணும் புதுமையன்று. வடமொழியில் சூத்திரம் என்பதற்கும் இழை, இலக்கண விதி என இரு பொருளும் உண்டு. நூல் பிடிப்பவன் என்று பொருள்படும் சூத்திரதாரன் என்னும் சொல் நாடக ஆசிரியனையும் தச்சனையும் குறிக்கும்; வடநாட்டுத் தச்சர் ‘சுதார்’ எனப் பெயர் பெற்றதும் இதனாலேயே. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சீன அறிஞர் சுன்சி, கல்வியைப் பற்றிய தம் கட்டுரையில், மைநூல் இட்ட மரம் நேராவதைக் கல்விக்கு ஒப்பிட்டார். கிரேக்கரிடம் ‘கானோன்’ என்பது முதலில் தச்சனுடைய நேர்கோல், பிறகு விதி, பிறகு ஏற்புடைய நூல்களின் தொகுதி. இவற்றுள் ஒன்று மற்றொன்றுக்குக் கடன்பட்டது என்று சொல்லத் துணிய வேண்டா. மரமறுத்த மக்கள் யாவரும் நேர்மையை முதலில் மரத்தில்தான் கண்டனர் என்று கொள்வதே போதும்.

நம் பழைய சான்று பத்துப்பாட்டில் உள்ளது. நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும் பகுதியை ஆசிரியர்கள் நினைவு கூரலாம். கோல் நட்டு நண்பகல் நிழலைப் பார்த்துத் திசை தெளிந்து, நூலறிவு வாய்ந்தோர் நுட்பமாகக் கயிறு பிடித்து இடம் வகுத்ததாக அங்கே நக்கீரர் பாடுகிறார். ஏட்டு நூலைக் கற்றவர் கையில் அளவு கயிறு இருக்கின்றது! 13ஆம் நூற்றாண்டின் பவணந்தியார் நூலுக்கு நெடுங்காலம் முன்பே இவ்விரண்டும் ஓரிடத்திற் கூடிவிட்டன.

மலாக்காவில் இந்தக் கருவிக்கு மூன்று மொழியிலும் பெயருண்டு. மலாய்க்காரர் ‘பெனாங் ஆராங்’ என்பர். கரிநூல் என்பது அதன் நேர்ப்பொருள். சீனத் தச்சர் கையில் இருப்பது, மையூறிய பஞ்சும் நூல் சுற்றிய சிறு சக்கரமும் ஒரே மரக் கூட்டில் அடங்கிய அழகிய மைப்பெட்டி. இன்று வன்பொருட் கடையில் நிறத்தூள் அடைத்த பெட்டியாக அது விற்கின்றது. நாம் அதைச் ‘சாக்லைன்’ என்று கேட்டு வாங்குகிறோம். எற்றுநூல் என்று கேட்பார் இலர்.

கோடு போடும் சிக்கல் தீர்ந்தது. கோட்டின்மேல் வாளைச் செலுத்தும் சிக்கல் தீரவில்லை. குழி வெட்டி, அதன்மேல் மரத்தைக் கிடத்தி, மேலே ஒருவர் கீழே ஒருவராக நின்று அறுத்த காலத்தில், மேலே நிற்பவரின் கண்ணே வழிகாட்டி. நாள் முழுதும் அக்கோட்டை விட்டு அவர் பார்வையை எடுக்க முடியாது. பின்னர் ஆலைகள் வந்தன. அங்கே வட்டவாள் ஓரிடத்தில் நின்று சுழலும். பக்கத்தில் நிறுத்திய இரும்புத் தடுப்பை ஒட்டி மரம் நகரும். வளைவு குறைந்தது, ஆனால் மரத்தை ஆலைக்குக் கொண்டு போக வேண்டியதாயிற்று.

1924இல் அமெரிக்காவின் லூசியானாப் பகுதியைச் சேர்ந்த எட்மண்ட் மிஷெல், கையிற் பிடித்து ஓட்டும் மின் வட்டவாளைச் செய்தார். கரும்புத் தோட்டத்தில் ஆட்கள் கத்தியால் வெட்டி அலுத்ததைக் கண்டு தோன்றிய எண்ணம் என்பர். (கரும்பும் ரப்பரும் வெட்டியே வரலாறு செய்த நமக்கு இச்செய்தி சற்று உறைக்கும்.) வாள் மரத்தைத் தேடி வந்தது, ஆனால் நேர்மை மீண்டும் கையின் நடுக்கத்திற்கு அடிமையாயிற்று. ஆல்பர்ட் ஃபெசர், காட்லீப் ஸ்டோல் என்னும் இருவர் 1925இல் செர்மனியில் தொடங்கிய ஃபெஸ்டோ நிறுவனம், 1960களில் இதற்கு ஒரு தீர்வு கொண்டுவந்தது. நீண்ட உலோகச் சட்டத்தை மரத்தின்மேல் கிடத்தி, அதன் முதுகிலுள்ள வரம்பில் வாளின் அடித்தட்டைப் பொருத்தி ஓட்டும் முறை அது. ‘கைடு ரெயில்’ என்று கடையிற் சொல்லும் அதை வழிச்சட்டம் என்று சொல்லலாம்.

இந்தச் சட்டத்தைப் பற்றி எழுத நேர்ந்தது கோலா சுங்கை பாருவில் ஒரு நூலடுக்கு செய்தபொழுது. பலகை ரப்பர் மரம். அம்மரத்தின் கதையை இங்கே சொல்லாமல் மேலே செல்ல இயலாது.

மலாயாவில் ரப்பரை முதன்முதல் வாணிகப் பயிராக நட்டவர் தான் சாய் யான், இடம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங், ஆண்டு 1896. அதன்பின் தோட்டங்கள் பரவின, தமிழர் வந்தனர். பால்மரம் சீவுவதும் கோட்டைப் பின்பற்றி வெட்டும் கலைதான். ஒட்டு மரத்திற்கு ஏறக்குறைய 30 பாகை, விதைக் கன்றுக்கு 25 பாகை எனச் சாய்வு குறித்த தகட்டு அச்சை மரத்தில் வைத்துக் கோடு கீறிய பின்னரே கத்தி இறங்கும். இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ வேண்டும். பாற்குழாய்கள் எதிர்த்திசையிற் சற்றே சாய்ந்து ஓடுவதால், இவ்வாறு வெட்டினால் அவற்றுள் மிகுதியானவை அறுபடும். கத்தி ஆழப் போய்விட்டால் மரம் காயம்பட்டு முண்டு முண்டாக வீங்கும். ஒரு மில்லிமீட்டர்ப் பட்டையை உள்ளே விட்டு, இருள் பிரியுமுன் நூற்றுக்கணக்கான மரங்களில் அக்கோட்டைப் பிழையாமல் தொடர்ந்த கைகளுக்கு எந்தச் சட்டமும் துணை நின்றதில்லை. அத்தொழிலை எளிய கூலிவேலை என்று எழுதியவர்கள் கத்தி பிடித்துப் பார்த்தவர்கள் அல்லர்.

25, 30 ஆண்டுகளில் பால் வற்றிய மரம் வெட்டப்படும். முற்காலத்தில் அது விறகு. ரப்பர்த் தாள்களைப் புகையூட்டும் கொட்டகையில் எரிந்தது. அறுத்த சில நாட்களில் நீலக்கறை பற்றும், வண்டு துளைக்கும் என்பதால் பலகைக்கு ஆகாது என ஒதுக்கினர். போரான் உப்பு ஏற்றிச் சூளையில் உலர்த்தும் முறை நிலைபெற்றபின், 1980கள் முதல் அதுவே இந்நாட்டின் அறைகலன் தொழிலுக்கு முதன்மையான மரமாயிற்று. மலாக்காவின் தெற்கே அண்டையிலுள்ள மூவார் இத்தொழிலால் பெயர் பெற்ற ஊர்.

ஆயினும் ரப்பர் மரத்தின் இயல்பு கோணல். அடிமரம் குட்டை, இழுவிசை ஏறிய நார்கள் உள்ளே மிகுதி, உலரும்பொழுது வில்லாக வளையும், முறுக்கிக் கொள்ளும். அதனால் சிறு துண்டுகளாக அறுத்து, விரல் கோத்தாற்போல் முனைகளைப் பல்லிட்டுப் பொருத்தி, பக்கங்களை ஒட்டி அகன்ற பலகையாக்குகிறார்கள். எட்டடிப் பலகையொன்றில் எத்தனையோ மரங்களின் துண்டுகள் இருக்கும்.

அப்படிப்பட்ட பலகையை நீளவாக்கில் அறுக்க எத்தகைய சட்டமும் துணைக் கருவிகளும் வேண்டும் என்பதை அன்று கண்கூடாகக் கண்டேன். பலகையின் நீளம் 2440 மில்லிமீட்டர். சட்டமும் அதே நீளம் இருந்தால் போதாது; வாள் மரத்தைத் தொடுமுன் சட்டத்தில் நிலைகொள்ளவும், மரத்தை விட்டபின் ஓய்வு பெறவும் இருபுறமும் ஏறக்குறைய ஒரு சாண் மிகுதி வேண்டும். மூன்று மீட்டர்ச் சட்டம் நல்லது. ஆனால் சிறு காரில் ஏறாது. ஆகவே பலர் 1400 மில்லிமீட்டர்ச் சட்டங்கள் இரண்டை வாங்கி இணைக்கின்றனர். அன்றும் அப்படியே.

இணைக்கும் தண்டுகளை முடுக்கிய பின் தச்சர் வாளை ஓட்டினார். வெட்டு நேர்த்தியாக இருந்தது. ஓரத்தில் சிலாம்பு ஒன்றும் எழவில்லை. பலகையை நிமிர்த்தி ஓரத்தை நோக்கினால், நடுவில் இரண்டு மில்லிமீட்டர் வளைவு! வாளிலும் பிழையில்லை, கையிலும் பிழையில்லை. இரு சட்டங்களும் கூடும் இடத்தில் சிறு கோணம் விழுந்திருந்தது. சட்டத்தின் முனைகள் செங்குத்தாக அறுக்கப்பட்டிருக்கும் என்று நம்பி, இரண்டையும் முட்ட வைத்து முடுக்கியதே காரணம். முனைகளுக்கிடையே மயிரிழை இடைவெளி விட்டு, நீண்ட நேர்கோலைப் பக்கத்தில் அணைத்து நேர் பார்த்தபின் முடுக்க வேண்டும். ஆகவே இணைப்புத் தண்டு வாங்குவோர் நேர்கோலையும் துணைக்கருவிக் கணக்கிற் சேர்க்க வேண்டும். அல்லது தானே நேர் காணும் வகைத் தண்டைத் தேட வேண்டும்.

நேர்கோல் இல்லை. தச்சர் சற்று நேரம் நின்றார். ‘ஐயா, மீன்பிடி நரம்பு எங்கேயாவது கிடைக்குமா?’ என்றார். கடலோர ஊர், அடுத்த வீட்டிலேயே கிடைத்தது. சட்டத்தின் ஒரு தலையிலிருந்து மறுதலைவரை நரம்பை விறைப்பாக இழுத்துக் கட்டி, அதற்கும் சட்டத்தின் ஓரத்திற்கும் உள்ள இடைவெளி எங்கும் ஒன்றாகும்வரை இணைப்பைத் தட்டித் தட்டிச் சரிசெய்தார். இரண்டாம் பலகை நேராக அறுந்தது. பல நூறு வெள்ளி விலையுள்ள கருவிக்கு அன்று ஒரு நூலே நேர் காட்டியது.

மற்றத் துணைக்கருவிகளில் இன்றியமையாதது சட்டத்தின் ஓரத்தில் ஒட்டிய மென்பட்டை. புதிய சட்டத்தில் முதல்முறை வாள் ஓடும்பொழுது அப்பட்டையையே அளவாக அறுத்துவிடும். அதன்பின் பட்டையின் விளிம்பும் வெட்டும் கோடும் ஒன்று. குறித்த இரு புள்ளிகளின்மேல் விளிம்பை வைத்தால் போதும். கோடே போட வேண்டா. மேற்புறத்து நார்களை அழுத்திப் பிடித்துச் சிலாம்பு எழாமற் காப்பதும் அதுவே. ஆனால் வேறு வாளையோ வேறு தடிப்புள்ள வட்டத்தகட்டையோ அதே சட்டத்தில் ஓட்டினால் விளிம்பு பொய் சொல்லும். பட்டையை மாற்றியாக வேண்டும். அடியிலுள்ள காடியிற் செருகும் பிடிப்பான் ஓர் இணை வாங்குவதும் வீண்செலவு அன்று. அடிப்பக்க நுரைப்பட்டையே சட்டத்தை நிறுத்தும் என்பர். மரத்தூள் படிந்த பலகையில் அது வழுக்கும். மூலைமட்டம் போலச் சட்டத்தோடு பொருத்தும் செங்கோணத் துண்டு குறுக்கே அறுப்பார்க்கு உதவும். நூலடுக்கின் தட்டுகளுக்கு அது தேவைப்பட்டது, பக்கப் பலகைகளுக்குத் தேவைப்படவில்லை. வாங்குமுன் வாளும் சட்டமும் பொருந்துமா என்று பார்ப்பது நன்று. ஃபெஸ்டூல், மக்கிட்டா சட்டங்கள் பெரும்பாலும் ஒன்றன் வாளை மற்றொன்று ஏற்கும்; டிவால்ட் சட்டத்தின் அமைப்பு வேறு.

இனி, பாயிரத்திற்கு மீள்வோம். எற்றுநூல் கோட்டைக் காட்டிவிட்டு விலகுகின்றது. வழிச்சட்டமோ வாளைப் பிடித்து நடத்துகின்றது, விலக விடுவதில்லை. வகுப்பில் உவமையை விளக்கும்பொழுது ‘நூல் மனத்தை நேராக்கிவிடும்’ என்று சொல்வோர், தம்மை அறியாமல் எற்றுநூலை விட்டு வழிச்சட்டத்தைச் சொல்கின்றனர். பாயிரம் சொல்வது அதுவன்று. ஒரு பழம்பலகை, ஒரு முழம் பருத்தி நூல், அடுப்புக்கரி, இரண்டு ஆணி: இவை போதும், நூலை ஒருமுறை நேராகவும் ஒருமுறை சாய்த்தும் தெறித்து மாணவர்க்குக் காட்ட. கரி கையில் ஒட்டும். பாடம் நடக்கும் மேசையில் பழைய தாள் விரித்துக் கொள்ளலாம்.

வளைந்து அறுந்த முதற் பலகை வீணாகவில்லை. அது நூலடுக்கின் முதுகுப்புறத்தில், வளைவு சுவரைப் பார்த்தபடி நிற்கின்றது.