வயலில் ஒரு குழி, கழிவு கொட்டிய இடத்தில் ஒரு குழி

பிசான நெல் அறுவடையாகி, அடுத்த உழவு தொடங்குவதற்கு முன்னால் கிடைக்கும் இடைவெளிதான் தாமிரபரணி நஞ்சையில் பரிசோதனைக்கு மண் எடுக்க ஏற்ற காலம். எடுக்கும் முறையும் விவசாயிகளுக்குப் பழகியதே. தாளையும் சருகையும் ஒதுக்கிவிட்டு, மம்பட்டியால் ‘வி’ வடிவில் குழி வெட்ட வேண்டும். நெல்வயலுக்கு 15 செ.மீ. ஆழம் போதும். குழியின் சரிவில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாகச் சீவ வேண்டும். இப்படிப் பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்ததைக் கலந்து, நான்கு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவாகக் குறைத்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டினால் வேலை முடிந்தது. வரப்போரம், மரத்தடி, எரு குவித்த இடம் ஆகியவற்றில் மட்டும் கை வைக்கக் கூடாது.

2024 டிசம்பரில் சுத்தமல்லியை அடுத்த நடுக்கல்லூர், கொடகநல்லூர், பழவூர்ப் பகுதிகளில் கேரள மருத்துவமனைக் கழிவுகள் கொட்டப்பட்டிருந்தது தெரியவந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டு, மூன்று நாளில் அள்ளிச் செல்ல உத்தரவிட்டது. லாரிகள் வந்து ஏற்றிக்கொண்டு போயின. குப்பை போனதை ஊரே பார்த்தது. அதன் அடியில் கிடந்த மண்ணில் என்ன இறங்கியிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கும் மண் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் வயலில் பழகிய கையோடு அங்கே போனால், செய்த வேலை அத்தனையும் வீண்.

காரணம் எளிது. உரப் பரிந்துரைக்கு வயலின் சராசரி வேண்டும். அதனால் வித்தியாசமான இடங்களை ஒதுக்குகிறோம், மற்றதைக் கலக்குகிறோம். நஞ்சைத் தேடுகிறவருக்கு அந்த வித்தியாசமான இடம்தான் வேண்டும்: நிறம் மாறிய மண், புல் கருகிய திட்டு, கழிவுநீர் வடிந்த தடம், சாம்பல் படிந்த மூலை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பதினைந்து குழிகளில் ஒன்றில் மட்டும் கிலோவுக்கு 300 மில்லிகிராம் ஈயம், மற்ற பதினான்கிலும் 20 என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் கலந்து அனுப்பினால் சோதனைச்சாலை சொல்வது சுமார் 39. அதைப் பார்த்து யாரும் கவலைப்பட மாட்டார்கள். அந்த ஒரு திட்டில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

ஆழத்திலும் இதே சிக்கல்தான். 2023 டிசம்பர் 17, 18 பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டு வயல்களில் வண்டலைப் படியவிட்டுப் போனது. வண்டல் இரண்டு செ.மீ. கனம் என்றால், 15 செ.மீ. சீவி எடுப்பவர் இரண்டு பங்கு புது மண்ணுடன் பதின்மூன்று பங்கு பழைய மண்ணைக் கலந்துவிடுகிறார். வெள்ளம் கொண்டுவந்ததை அறிய மேல்படலத்தைத் தனியாக வழித்தெடுக்க வேண்டும். எண்ணெயோ கரைப்பானோ கசிந்த இடத்தில் நேர்மாறாக, ஒரு மீட்டருக்கும் கீழே துளைக்கருவி இறக்க வேண்டியிருக்கும். களி மிகுந்த நஞ்சை மண் உலோகங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் அதே பொருள் விரைவாகக் கீழே இறங்கிவிடும்.

பை, கருவி விஷயத்திலும் கவனம் வேண்டும். பெட்ரோல் போல ஆவியாகும் பொருளைத் துணிப்பையில் கட்டி நிழலில் உலர்த்தினால், தேடும் பொருளே காற்றில் போய்விடும். கண்ணாடிக் குப்பியில் இடைவெளியின்றி அடைத்து, 4 டிகிரி குளிரில் வைத்து அனுப்ப வேண்டும். ஒரு குழிக்கும் அடுத்ததற்கும் நடுவே கருவியைக் கழுவாவிட்டால் முதல் குழியின் நஞ்சு இரண்டாவதில் ஏறிக்கொள்ளும். கழிவு எட்டாத இடத்தில், அதே வகை மண்ணை ஒப்பீட்டுக்கென எடுப்பதும் கட்டாயம். அது இல்லாவிட்டால் வந்த எண் இயற்கையானதா, வந்து சேர்ந்ததா என்று யாரும் சொல்ல முடியாது.

சோதனைச்சாலைக்குள் போன பிறகும் பாதைகள் பிரிகின்றன. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டையில் உள்ளவை பன்னிரண்டு அளவீடுகள். ஈயம், பாதரசம், காட்மியம் அவற்றில் இல்லை. துத்தநாகம் உண்டு, ஆனால் டிடிபிஏ கரைசலில் பிரித்து, பயிருக்குக் கிடைக்கும் பங்கை மட்டும் அளந்து, குறைவா போதுமா என்றுதான் அது பார்க்கும். துத்தநாகம் கொட்டிக் கிடக்கும் நிலத்துக்கும் அது ‘போதுமானது’ என்றே சான்று தரும். அட்டையின் குற்றமன்று இது. அது கேட்கும் கேள்வி வேறு. மாசு ஆய்வில் மண்ணை அமிலத்தில் செரிக்கவைத்து மொத்த அளவைக் காண்கிறார்கள். “எங்க மண்ணை டெஸ்ட் பண்ணியாச்சு, நல்லாத்தான் இருக்கு” என்று அட்டையைக் காட்டி நிம்மதி அடைபவர்களை நினைத்துத்தான் எனக்கு அச்சம்.

கடைசி வேறுபாடு சட்டத்தில். விவசாயி தன் மண்ணைத் தானே எடுத்துக் கொடுக்கலாம், கேட்பாரில்லை. மாசு வழக்கில் அப்படி எடுத்த மண் நிற்காது. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 11-ஆம் பிரிவின்படி, அதிகாரம் பெற்ற அலுவலர் நிலத்தையோ ஆலையையோ வைத்திருப்பவருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் முன்னிலையில் எடுத்து, முத்திரையிட்டு, இருவரும் கையொப்பமிட்டு, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்குத் தாமதமின்றி அனுப்ப வேண்டும். இதில் ஒரு படி தவறினாலும் எவ்வளவு நஞ்சு இருந்தாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குப் பிடி கிடைத்துவிடும்.

ஆகவே உங்கள் ஊரில் கழிவு கொட்டப்பட்டால், அள்ளச் சொல்வதோடு நிற்காதீர்கள். லாரி வருவதற்கு முன்பே இடத்தைப் படமெடுத்து எல்லையைக் குறித்து வையுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஆட்சியருக்கும் எழுத்தில் மனுக் கொடுங்கள். மண் எடுக்க வரும் அலுவலரிடம் எங்கே, எவ்வளவு ஆழத்தில், எந்தெந்தப் பொருளுக்காக எடுக்கிறார், ஒப்பீட்டு மண்ணை எங்கிருந்து எடுக்கிறார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குப்பை அகன்ற பிறகு இன்னொரு முறை எடுக்கச் சொல்லியும் அதே மனுவில் கேளுங்கள்.