பழைய இரும்புக்காரரின் மகன்



போன கிழமை வீட்டுப் பின்வளவில் எடுத்த ஒரு படம் போட்டிருந்தேன். ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டு, லொறி பிறேக் ட்றம்மில் செய்த உலை, கைப்பிடி வளைந்த ஒரு குறடு. "சேர், நீங்களும் பழைய இரும்புக்கு இறங்கிட்டீங்களோ?" என்று ஒருவர் கேட்டிருந்தார். பகிடிக்குத்தான் கேட்டார், தெரியும். ஆனால் பள்ளிக்கூட வயதில் அந்தச் சொல்லை வேறு தொனியில் கேட்டு வளர்ந்தவன் நான். என் வாப்பா பழைய இரும்பு நிறுத்து வாங்கியவர். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நம் மண். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். கிணறு வெட்டினால் கல் வரும், தண்ணீர் வரும், இரும்புத் தாது வராது. தெற்கே பலாங்கொடைப் பக்கம் சமனலவெவவில் நிலைமை வேறு. அங்கே மலைச்சரிவுகளில் மேற்குப் பார்த்து உலை கட்டி, ஆடி மாதக் காற்றையே துருத்தியாக வைத்து இரும்பு உருக்கியிருக்கிறார்கள். கில் ஜூலெஃப் என்ற தொல்லியலாளர் அதே மாதிரி உலை கட்டி உருக்கிப் பார்த்து, 1996இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட தொழில் அது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்த அறிஞர் அல்-கிந்தி, வாள்களைப் பற்றிய தன் நூலில் சரந்தீப் உருக்கைத் தனியாகக் குறிப்பிடுகிறார். சரந்தீப் என்பது இந்தத் தீவுதான்.

நம் கொல்லருக்கு அந்த மலையும் இல்லை, அந்தத் தாதும் இல்லை. ஆனாலும் கொல்லர் இருந்தார்கள். கொல்லங்கலட்டி என்ற ஊர்ப்பெயரே போதும். கடப்பாரைக்கு நாம் சொல்லும் அலவாங்கு என்ற சொல்லைக்கூடப் போர்த்துக்கேயரிடமிருந்துதான் எடுத்தோம். வெளியிலிருந்து வந்த இரும்பை வீசிவிட நம்மவருக்குக் கட்டாது. தேய்ந்த மண்வெட்டி உலைக்குப் போனால் சத்தகமாக வரும். லொறிகள் வந்த பிறகு அவற்றின் வில்லுத்தகடு கொடுவாக்கத்தியானது, பாளைக்கத்தியானது. அப்படிப் பார்த்தால் நம்மூர் இரும்பின் வரலாறு பெரும்பாலும் பழைய இரும்பின் வரலாறுதான்.

உலைக்கு அந்த இரும்பு நடந்து வராது. யாரோ வீடு வீடாகப் போய் வாங்கி, பிரித்து, நிறுத்துக் கொண்டுவந்து போடவேண்டும். யாழ்ப்பாணத்தில் அந்த வேலையைச் செய்தவர்களில் சோனகதெருக்காரர் பலர். வாப்பாவுக்கு எழுத்து அதிகம் தெரியாது, காது தெரியும். ஒரு தட்டுத் தட்டினால் சொல்லிவிடுவார்: "இது வார்ப்பு, அடிச்சா உடையும். இது வில்லு, ஆசாரிக்கு எடுத்து வை."

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறும்படி புலிகள் சொன்னார்கள். அந்த மாதத்தில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். வாப்பாவின் தராசும் படிக்கல்லும் இங்கேயே நின்றுவிட்டன. நான் பிறந்தது புத்தளத்தில், ஓலைக் கொட்டிலில்.

இங்கே இருந்தவர்களுக்கும் அது நல்ல காலமில்லை. அந்த ஆண்டு ஜூனில் ரயில் நின்றது. பொருளாதாரத் தடையில் சீமெந்து இல்லை, பற்றரி இல்லை, புது இரும்பு இல்லை. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்டதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். கரவெட்டிப் பக்கத்தில் ஒரு வயதான ஆசாரியார் என்னிடம் சொன்னார்: "தம்பி, அப்ப ஒரு துண்டு இரும்பு பொன் மாதிரி. எது வில்லு, எது வார்ப்பு எண்டு பிரிச்சுத் தர ஆக்கள் இல்லை. நானே அடிச்சு, உடைச்சுப் பார்த்துத்தான் தெரிஞ்சுகொண்டன்." பழைய இரும்புக்கு அப்படி ஒரு மதிப்பு வந்த நாளில் அதை அறிந்த மனிதர்கள் புத்தளத்தில் நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றார்கள். அவரிடம் அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, உள்ளே போய் அந்தக் குறட்டை எடுத்து வந்து தந்தார். படத்தில் நீங்கள் பார்த்தது அதுதான்.

தண்டவாளத் துண்டு மீள்குடியேறிய எங்களவர் ஒருவரின் கடையில் நிறுவைக்கு வாங்கியது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பி வந்தது, புதுத் தண்டவாளத்தில். பழையது இப்படித் துண்டு துண்டாக ஊருக்குள் கிடக்கிறது. தண்டவாளத்தில் காபன் கூட, கடினமான உருக்கு. பட்டடைக்கு அதைவிட நல்லது மலிவாகக் கிடைக்காது. எரிப்பது சிரட்டைக்கரி. வில்லுத்தகட்டைச் சிவக்கக் காய்ச்சி, உடைந்த ஸ்பீக்கர் காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோவேன். காந்தம் ஒட்டாமல் விட்டால் சூடு 770 பாகையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். கொஞ்சம் கூடச் சிவந்ததும் உடனே பொரித்த எண்ணெயில் முக்குவேன். வீடு முழுக்க வடை மணக்கும், மனைவிக்குக் கோபம் வரும். வாப்பா காதால் அறிந்ததை நான் கிரைண்டரில் பார்க்கிறேன்: பொறி பூப்போலக் கிளைத்து வெடித்தால் காபன் கூடிய உருக்கு, நீளக் கோடாகப் பறந்தால் மெல்லிரும்பு.

மாணவர்கள் சிலர் பழக வரலாமா என்று கேட்கிறீர்கள். பெற்றோருடன் வாருங்கள். ஒன்றே ஒன்று: நிலத்தில் கிடந்து எடுத்த எந்த இரும்பும் கொண்டுவரக்கூடாது. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றுவதில் எத்தனையோ வருடங்கள் போயின என்று தெரியும்தானே. மூடிய குழாய், உருளை எதையும் உலையில் வைக்கமாட்டேன். நாகம் பூசிய தகடும் வேண்டாம், அதன் புகை நஞ்சு.

தண்டவாளத்தின் பக்கவாட்டில் தேய்ந்த எழுத்துகள் கொஞ்சம் இருக்கின்றன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் வாசிக்க முடியவில்லை. ரயில்வேயில் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் வந்து பாருங்கள். உங்கள் வீட்டுக் கோடியில் பழைய துருத்தி, சம்மட்டி, குறடு கிடந்தால் நிறுவைக்குப் போடமுன் எனக்கு ஒரு சொல் சொல்லுங்கள். நிறுவை விலைக்கு மேலே தருவேன். பழைய இரும்புக்காரரின் மகன், தராசில் ஏமாற்ற மாட்டேன்.