மலை ஏறி இறங்கின காய்கறி

புதுசா ஒண்ணு சமைச்சுத் தட்டுல வெச்சா, வாயில வைக்கிறதுக்கு முன்னாடியே "வேணாம்"னு சொல்றது சின்னக் குழந்தைங்களோட பிறப்புரிமை :-) ஒரு புது ருசி பழகுறதுக்குக் குழந்தைக்கு எட்டு, பத்து தடவை கூட அதைக் கொடுத்துப் பார்க்கணும்னு ஆராய்ச்சி பண்ணினவங்க சொல்றாங்க. "பத்து தடவையா!"ன்னு மலைச்சுப் போற அம்மா அப்பாக்கள் கொடைக்கானல் கதையைக் கொஞ்சம் கேளுங்க. கேரட்டையும் கோஸையும் ஏத்துக்க நம்ம பெரியவங்களுக்கே பல தலைமுறை ஆச்சு.

கொடைக்கானல் ஊரா ஆனதுக்குப் பின்னாடி ஒரு சோகம் இருக்கு. 1834-ல யாழ்ப்பாணத்துல இருந்து அமெரிக்க மிஷன்காரங்க மதுரைக்கு வந்தாங்க. வெயில், காய்ச்சல், காலரான்னு வரிசையா சாவு. கைக்குழந்தையோட வந்த குடும்பங்களுக்கு இது பெரிய பயம். முதல்ல பக்கத்துல இருக்கிற சிறுமலையில வீடு கட்டிப் பார்த்தாங்க. அங்கயும் காய்ச்சல் விடலை. அப்புறம்தான் 1845-ல பழனி மலை மேல, கிட்டத்தட்ட 7000 அடி உயரத்துல ரெண்டு வீடு கட்டினாங்க. சன்னிசைட், ஷெல்டன்னு பேர். ஊரோட ஆரம்பம் அதுதான்.

அந்தக் காலத்துல பஸ் ரோடு ஏதுங்க? பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்புல இருந்து செங்குத்தான ஒத்தையடிப் பாதை. பெரியவங்க குதிரையில போவாங்க, குழந்தைங்களை டோலியில வெச்சு ஆளுங்க தூக்கிட்டுப் போவாங்க. 1875-ல அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்தும் மலை ஏற்றம் அதேதான். மோட்டார் போற மலைச்சாலை 1910-களின் நடுவுலதான் முடிஞ்சுது. சாமான் எல்லாம் தலைச்சுமையா வரணும்னா, மேலேயே விளைய வெச்சுக்கறது உத்தமம் இல்லையா? அப்படித்தான் பங்களாவுக்கு பங்களா காய்கறித் தோட்டம் வந்துது. 1863-ல ஏரியை உண்டாக்கின மதுரை கலெக்டர் லெவிஞ்ச் துரையும் சீமைப் பழமரம், பூச்செடி எல்லாம் கொண்டுவந்து நட்டார்.

சரி, காய் வந்தாச்சு. சமைக்கணுமே? அவங்க கையில இருந்த சமையல் குறிப்பெல்லாம் சமவெளிக்கு எழுதினது. இந்த உயரத்துல காத்தழுத்தம் குறைச்சல், தண்ணி 93 டிகிரியிலேயே கொதிச்சுடும். எவ்வளவு விறகு போட்டாலும் சூடு அதுக்கு மேல ஏறாது. அரிசி வேக நேரமாகும், பருப்பு இன்னும் மோசம். கேக் மளமளன்னு எழும்பிட்டு நடுவுல பள்ளம் விழுந்துடும். சோடாவைக் குறைக்கணும், மாவைக் கொஞ்சம் கூட்டணும். குளிர்ல இட்லி மாவு புளிக்கவே மாட்டேங்கும். இதையெல்லாம் குழந்தை பசியில அழும்போது அடுப்படியில நின்னு கண்டுபிடிச்சவங்க பாதிப் பேர் அந்த அம்மாக்கள், மீதி நம்ம ஊர் சமையல்காரங்க. பங்களா கட்டின துரைங்க பேர் இருக்கு, இந்தச் சமையல்காரங்க பேர் தேடினாலும் கிடைக்கிறது அபூர்வம். இந்தியாவுல பிரஷர் குக்கர் தயாரிப்பு 1950-களின் பிற்பகுதியிலதான் சூடு பிடிச்சுது. அதுவரைக்கும் மலை வீட்டுல பருப்பு வேகவைக்கிறதே ஒரு நாள் வேலை!

பிள்ளைங்களைச் சின்ன வயசுலயே கடல் தாண்டிப் படிக்க அனுப்ப மனசு வராததாலதான் 1901-ல ஹைகிளர்க்னு ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு அதுதான் கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். அங்கயும் இதே பாடுதான் பட்டிருப்பாங்க.

நான் சொல்ல வந்தது இதுக்கப்புறம். தோட்டத்துல இருந்த காய் மலை கிராமத்து வயலுக்குப் போச்சு. பூம்பாறை, வில்பட்டி, மன்னவனூர்னு உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்ஸும் விளைஞ்சு கீழே இறங்கிச்சு. (பூண்டு அங்க முன்னாடியே உண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல புவிசார் குறியீடும் கிடைச்சுது.) கீழ நம்ம பாட்டிங்க என்ன பண்ணினாங்க? "இங்கிலீஷ் காய்"னு பேர் வெச்சு ஓரமா உட்கார வெச்சாங்க. இன்னைக்கும் பல வீடுகள்ல திதி சமையல்னா கேரட், கோஸ், பீன்ஸ், உருளை கிடையாது. வாழைக்காய், சேப்பங்கிழங்கு, பாகல், புடலைதான். மிளகாய்கூட கிடையாது, மிளகுதான். மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துல இருந்து போர்த்துக்கீசியர் வழியா வந்ததுதானே! எது எப்ப வந்துதுன்னு எந்தச் சரித்திரப் புத்தகமும் இல்லாமலேயே திதி அடுப்படி ஞாபகம் வெச்சிருக்கு.

ஆனா மத்த நாள் சமையல்ல அந்தக் காய் எப்படி உள்ளே நுழைஞ்சுது? யாரும் ஸ்டூவும் சூப்பும் கத்துக்கலை. உருளை பொடிமாஸ் ஆச்சு. பீன்ஸ் பருப்பு உசிலி ஆச்சு. கோஸும் சௌசௌவும் கூட்டு ஆச்சு. கேரட் சாம்பார்ல விழுந்துது. காய்தான் புதுசு, தாளிப்பு பழசு.

மலை அடிவாரத்துக்கு வந்தா பழனி பஞ்சாமிர்தமும் இதே கதைதான். விருப்பாட்சி மலைவாழை, நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய், நம்ம சரக்கு. அதோட பேரீச்சம்பழம்? அது அரபு நாட்டு விருந்தாளி. பழகின இனிப்புக்குள்ள கலந்ததால யாருமே கேள்வி கேட்கலை. (ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு மட்டும் நாக்குல தடவக்கூட வேண்டாம். தேன் அந்த வயசுக்கு ஆபத்துன்னு டாக்டருங்க சொல்றாங்க.)

அதனால புது ரெசிபி செஞ்சு தோத்துப்போன அம்மா அப்பாக்களே, ஒரே நேரத்துல எல்லாத்தையும் மாத்தாதீங்க. ப்ரோக்கோலின்னா தேங்காய் போட்டுப் பொரியல், பீட்ரூட்னா தோசை மாவுல ஒரு கரண்டி சாறு. ஒண்ணு புதுசா இருந்தா மீதி பழசா இருக்கட்டும். ஒரு வாய் வெச்சுட்டுத் துப்பினா அதை முதல் தடவைன்னு கணக்குல எழுதிக்குங்க. இன்னும் ஒன்பது இருக்கு :-)